சேஃப்சர்ச் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: ஏழாவது படிக்கும் மகன் புராஜெக்ட்டுக்காக என் போனில் படம் தேடியபோது, பார்க்கக் கூடாத படங்களும் சேர்ந்து வந்தன. கூகுள் தேடலில் ஆபாசத்தை மறைக்கும் சேஃப்சர்ச்சை ஆன் செய்தேன். இரண்டே நாளில் மறுபடி வருகிறது. வீட்டில் கேபிள்காரர் போட்ட வைஃபை. பையன்தான் மாற்றிவிட்டானா? – ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: அவனைக் கேட்பதற்கு முன் போனைப் பாருங்கள் அம்மா. சேஃப்சர்ச் போனுக்குப் போடும் பூட்டு இல்லை, உங்கள் கூகுள் கணக்கில் இருக்கும் ஒரு அமைப்பு. குரோமில் இன்காக்னிட்டோ திறந்தாலோ வேறு கணக்குக்கு மாறினாலோ அது உங்களோடு சேர்ந்து வராது. இன்னொன்று, அதில் ‘ஃபில்டர்’, ‘பிளர்’ என்று இரண்டு உண்டு. பிளர் படத்தை மட்டும் மங்கலாக்கும். ஆபாச எழுத்தும் லிங்க்கும் அப்படியே நிற்கும். நீங்கள் வைக்க வேண்டியது ஃபில்டர்.

வீட்டுக்கே பூட்டு வேண்டுமென்றால் வைஃபை டப்பாவில் (ரவுட்டர்) டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவையை மாற்றுங்கள். டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி (பெரும்பாலும் 192.168.1.1), யூசர்நேம், பாஸ்வேர்டு இருக்கும். பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்து, டிஹெச்சிபி (DHCP) என்று இருக்கும் பகுதிக்குப் போய், பிரைமரி டிஎன்எஸ்ஸில் 185.228.168.168, செகண்டரியில் 185.228.169.168 போட்டு சேவ் செய்யுங்கள். இது கிளீன்பிரவுசிங் என்ற டிஎன்எஸ் சேவையின் இலவசக் குடும்ப வடிகட்டி. ஆபாசத் தளங்களை அடைப்பதோடு கூகுள், பிங், யூடியூப் மூன்றையும் பாதுகாப்பு நிலையில் கட்டிவைக்கும். ரெட்டிட் மாதிரி நல்லதும் கெட்டதும் கலந்த தளங்கள் மொத்தமாகவே போய்விடும், வீட்டில் யாராவது கத்தினால் காரணம் அதுதான்.

பலர் சறுக்குவது செகண்டரியில். ‘ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கட்டும்’ என்று எதையும் அடைக்காத கூகுள் டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போட்டுவிடுவார்கள். போன் இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும். ஒருநாள் அடைக்கும், ஒருநாள் திறக்கும். ஐபிவி6 (IPv6) என்ற புதுவகை இணைய முகவரிக்குத் தனி டிஎன்எஸ் கட்டம் இருந்தால் அதுவும் இதே மாதிரி ஓட்டைதான், அங்கேயும் கிளீன்பிரவுசிங்கின் எண்ணையே போட வேண்டும். கேபிள்காரர் அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருந்தால் அவரிடமே எண்களைக் கொடுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள். முடிந்ததும் டப்பாவின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள், ஸ்டிக்கரைப் படிக்க ஏழாவது படிப்பு போதும்.

போனில் வைஃபையை ஒருமுறை அணைத்து மறுபடி ஆன் செய்து, கூகுளின் சேஃப்சர்ச் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பூட்டுப் படம் தெரிந்தால் வேலை முடிந்தது. தெரியாவிட்டால் குரோம் செட்டிங்ஸில் ‘செக்யூர் டிஎன்எஸ்’ வேறு நிறுவனத்துக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா, இணைப்பை வேறு வழியில் திருப்பிவிடும் விபிஎன் ஆப் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்குப் போனால் டப்பா காவல் காக்காது. அதற்கு ஆண்ட்ராய்டு 9 முதல் வழி உண்டு. செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று தேடி, ஹோஸ்ட்நேம் கட்டத்தில் family-filter-dns.cleanbrowsing.org என்பதை இடைவெளி விடாமல் அப்படியே அடியுங்கள். வெளியில் இலவச வைஃபையின் லாகின் பக்கம் திறக்காவிட்டால், அந்த நேரத்துக்கு மட்டும் ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கி, உள்ளே போனதும் திருப்பிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் வரும் ஃபார்வர்டுகளை இதெல்லாம் தொடாது. அதற்கு வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’வுக்குள் போய், படமும் வீடியோவும் தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்துங்கள்.