பள்ளிப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்? டீச்சரிடம் கேளுங்கள்

கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நூல்நிலையப் பொறுப்பாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

செந்தூலிலிருந்து ஓர் அம்மா: டீச்சர், மகன் ஒன்றாம் ஆண்டு போகப்போகிறான். பாலர் பள்ளியிலேயே அழுதவன். பள்ளிக்கூடம் ஜாலியாக இருக்கும் என்று சொல்கிற புத்தகமாகப் பார்த்து வாங்கட்டுமா?

அந்த மாதிரிப் புத்தகத்தை மட்டும் வாங்காதீர்கள் அம்மா. எல்லாப் பக்கத்திலும் பிள்ளைகள் சிரிக்கிற புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவன், முதல் நாள் வயிறு கலக்கினால் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பான். கதையில் ஒரு பிள்ளையாவது பயப்படட்டும், அழட்டும், அப்புறம் எப்படியோ சமாளிக்கட்டும்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு உண்மையான கவலைகள் வேறு. கழிவறைக்குப் போக டீச்சரிடம் எப்படிக் கேட்பது? கேண்டீனில் மீதிக் காசு தராவிட்டால் என்ன செய்வது? இதையெல்லாம் எந்தக் கடைப் புத்தகமும் உங்கள் பள்ளிக்கு ஏற்றபடி சொல்லாது. பள்ளி வாசல், வகுப்பு, கேண்டீன், கழிவறை எல்லாவற்றையும் அனுமதி கேட்டுப் படம் பிடித்து, தாளில் ஒட்டி, படத்துக்கு ஒரு வரி அவனையே சொல்லவைத்து எழுதுங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் அதிகம் புரட்டியவை இப்படி வீட்டில் செய்தவைதான்.

கெப்போங்கிலிருந்து ஓர் அப்பா: மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளை நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். பகடிவதை பற்றி நல்ல புத்தகம் உண்டா?

முதலில் வகுப்பாசிரியரைப் பாருங்கள் சார். புத்தகம் புகாருக்கு மாற்று ஆகாது. நிலைமை மோசமானால் தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி இருக்கிறது, எண் 15999.

புத்தகம் வாங்கும்போது கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். கேலிக்கு ஆளான பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து, எல்லாரும் கைதட்டி, கேலி செய்தவன் மன்னிப்புக் கேட்டு முடிகிறதா? கடையிலேயே வைத்துவிடுங்கள். ஜெயித்தால்தான் மரியாதை என்றல்லவா அது சொல்கிறது? பக்கத்தில் நின்று பார்த்த இன்னொரு பிள்ளை வாய் திறக்கிற கதை நல்லது. பெரியவரிடம் போய்ச் சொல்வது கோள் சொல்வது ஆகாது என்று காட்டுகிற கதை அதைவிட நல்லது.

அப்புறம் படங்களைப் பாருங்கள். கறுத்த பிள்ளை நிறத்தைப் பற்றிய கதையில் மட்டும் வந்தால் போதாது. சைக்கிள் ஓட்டுகிற, குறும்பு செய்கிற, துப்பறிகிற பிள்ளையாகவும் வரவேண்டும். சென்னையின் தூலிகா வெளியிடும் படப்புத்தகங்களில் அப்படிப்பட்ட முகங்களைப் பார்க்கலாம்.

வாங்கிக் கொடுத்துவிட்டு "பார், உன்னை மாதிரியே" என்று சொல்லிவிடாதீர்கள். மேசையில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

பத்துமலையிலிருந்து ஓர் அம்மா: மகளுக்கு ஒன்பது வயது. வயதுக்கு வருவது பற்றிய புத்தகம் இப்போதே கொடுக்கலாமா, சீக்கிரமா?

சீக்கிரம் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு உடல் மாற்றம் எட்டு வயதிலிருந்தே தொடங்கலாம். மாதவிடாய் பெரும்பாலும் பன்னிரண்டை ஒட்டி வரும், சிலருக்கு ஒன்பது பத்திலும் வந்துவிடும். வந்த பிறகு கொடுக்கிற புத்தகத்தால் பாதிப் பயன்தான். உறுப்புகளின் சரியான பெயர், படம், பேடு மாற்றுகிற விதம், பள்ளியில் திடீரென்று வந்தால் யாரிடம் போவது, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பூவும் வண்ணத்துப்பூச்சியும் வைத்து மழுப்புகிற புத்தகம் வேண்டாம். மகன் இருந்தால் அவனுக்கும் படிக்கக் கொடுங்கள். குரல் உடைவதைப் பற்றி அவனுக்கும் ஒருவர் சொல்லவேண்டுமே! அதை நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை.

செராஸிலிருந்து: மகன் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் போகிறான். அவனுக்கு என்ன வாங்கலாம்?

மலாய்க் கதைப்புத்தகம். தமிழ் டீச்சரே இப்படிச் சொல்கிறாரா என்று கோபிக்காதீர்கள். அவன் பயம் புதிய நண்பர்களைப் பற்றியது மட்டும் இல்லை, பெரும்பாலான பாடங்கள் மலாயில் நடக்கப்போகின்றன. விடுமுறையில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் பேசிக்கொள்கிற கதைகளைப் படித்தால், பாடநூல் சொல்லித்தராத பேச்சு மலாய் காதில் ஏறும். தமிழ்ப் புத்தகத்தைக் கைவிடச் சொல்லவில்லை, இரண்டும் நடக்கட்டும்.

பூச்சோங்கிலிருந்து: காமிக்ஸ் மட்டும்தான் படிக்கிறான்.

படிக்கட்டும்.

ரவாங்கிலிருந்து: படித்த புத்தகங்களைக் கணக்கில் பதியும் நீலாம் என்ற பள்ளி வாசிப்புத் திட்டத்துக்காக மகள் மெலிந்த புத்தகமாகத் தேடி எடுக்கிறாள். என்ன செய்வது?

எண்ணிக்கை கேட்டால் பிள்ளை எண்ணிக்கைதான் தரும். பதிவுக்கு மெலிந்ததை எடுக்கட்டும். பதிவு செய்யாத, கேள்வி கேட்காத ஒரு புத்தகம் இரவுக்கு இருக்கட்டும். புத்தகம் அவள் அளவுக்கு ஏற்றதா என்று பார்க்க ஒரு வழி: நடுவில் ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஐந்தும் மடங்கினால் அதை நீங்கள்தான் வாசித்துக்காட்டவேண்டும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: தமிழ்நாட்டுப் புத்தகங்கள் இங்கே விலை கட்டுப்படியாகவில்லை, டீச்சர்.

உண்மைதான். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு படிநிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சடித்தும் கொடுக்கலாம், உரிமம் அதற்கு இடம் தருகிறது. உள்ளூர் நூல்களுக்கு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். இங்கே வெளியாகும் நூல்களை அங்கே ஒப்படைக்க 1986ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. பிடித்ததைப் புரட்டிப் பார்த்து, பதிப்பகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து வாங்கலாம். வாங்கினால் ரசீதை வீசாதீர்கள். வருமான வரியில் 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவில் புத்தகமும் சேரும்.