வாசகர் கேள்வி பதில்: கொதிக்கும் சட்டி முன்னால்

கேள்வி: ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தடா பக்கம் புதிதாக வந்திருக்கும் ஹாட் பாட் கடைக்குத் தோழிகள் கூப்பிடுகிறார்கள். ஆளுக்கு 400 ரூபாய்க்குள் முடியுமாம். மேசையில் கொதிக்கிற சூப்பில் நாமே வேகவைத்துச் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு மாட்டுக்கறி ஆகாது. போகலாமா?
- வாசகி, ஆரம்பாக்கம்

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, சிவப்பு சூப்பில் என்ன கொழுப்பு போடுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். சீனாவில் சோங்சிங் ஊர்ப் பாணிக் காரச் சூப்பை மாட்டுக் கொழுப்பில்தான் தாளிப்பார்கள், தட்டில் கறியே வாங்காவிட்டாலும் அது உள்ளே போய்விடும். தாவர எண்ணெயில் செய்தது இருக்கிறதா என்று கேளுங்கள், பதில் தெளிவாக வராவிட்டால் காளான் சூப்போ தக்காளி சூப்போ சொல்லுங்கள். ஒரே சட்டியில் தோழிகளோடு பங்கு போடுவதென்றால் நடுவில் தடுப்பு வைத்த சட்டி கேட்டு வாங்குங்கள், கரண்டியும் உங்கள் பக்கத்துக்குத் தனியாக இருக்கட்டும்.

அப்புறம் காரம். நெல்லூர்ப் பக்கத்துக் காரமே பழகிய நாக்குக்கு மிளகாய் பெரிதில்லை, அதில் போடும் சிச்சுவான் மிளகுதான் புதிது. கொங்கணிக்காரர்கள் மீன் குழம்பில் போடும் திர்பலுக்குச் சொந்தம் அது, உதடு மரத்துப்போகும், பயப்படாதீர்கள்.

விலை குறைவு என்பதற்காகக் கடையைச் சந்தேகப்பட வேண்டாம், அடுப்பைப் பாருங்கள். நான் ஒருமுறை போன கடையில் அடுப்பு சரியாக எரியவில்லை, தட்டு முழுக்கக் கோழியை ஒரேயடியாகக் கொட்டியதும் கொதி அடங்கிவிட்டது, பேச்சு சுவாரசியத்தில் பாதி வெந்ததைத் தின்றுவிட்டு ரெண்டு நாள் படுத்தேன். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், திரும்பத் தளதளவென்று கொதித்த பிறகு அடுத்தது. மெல்லிசாகச் சீவிய கோழியென்றாலும் உள்ளே ரோஸ் நிறம் போகும்வரை, ரெண்டு மூன்று நிமிடமாவது, விடுங்கள். மீன் உருண்டை மிதந்தவுடன் எடுக்காமல் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். பச்சைக் கறியைத் தொட்ட சாப்ஸ்டிக்கை வாயில் வைக்கவே கூடாது. பழவேற்காடு பக்கத்தில் இருப்பதால் இறால் கிடைத்தால் விடாதீர்கள், உடம்பு முழுக்க வெளுத்துச் சிவந்து சுருண்டதும் எடுத்துவிடுங்கள், மேலும் கிடந்தால் ரப்பராகிவிடும். முள்ளங்கி, சோளம் முதலில் போட்டால் சூப்புக்கு இனிப்பு ஏறும், நூடுல்ஸ் கடைசியில்.

கேள்வி: மிஞ்சுகிற சூப்பைக் குடிக்கலாமா?
- வாசகர், சூளூர்ப்பேட்டை

பதில்: சிவப்பு சூப் குடிப்பதற்கானதே இல்லை, முழுக்க எண்ணெய். காரமில்லாத வெள்ளைச் சூப்பை, பச்சைக் கறி எதுவும் போடுவதற்கு முன்பு ஒரு கிண்ணம் எடுத்துக் குடியுங்கள். ஒரு மணி நேரம் வற்றிய பிறகு அதில் உப்புதான் மிஞ்சும், ரத்தக் கொதிப்பு இருந்தால் தொடவே வேண்டாம்.

கேள்வி: பில்லில் கேட்காமலே சேவைக் கட்டணம் போட்டிருந்தார்கள். கொடுத்தாக வேண்டுமா?
- வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே, தானாகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. எடுத்துவிடச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள். ஆனால் தட்டு மாற்றி, சூப் ஊற்றி ஓடியாடிய பையனுக்கு உங்கள் கையால் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.