அம்பாசடர் எஞ்சினின் திறனைக் கூட்டிய பிறகு எந்த டிஸ்ட்ரிபியூட்டர் போடுவது?

நீங்கள் கேட்டது இது: அம்பாசடர் மார்க் 2 எஞ்சினைப் பிரித்துக் கட்டி, கம்ப்ரஷனைக் கூட்டி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரும் பொருத்தியாயிற்று. இனி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய நேரத்தில் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரைச் சீர்செய்து வைத்துக்கொள்வதா, வேக்குவம் (எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் தீப்பொறியை முன்னதாக வரவைக்கும் அமைப்பு) இல்லாத பந்தய வகையை வாங்குவதா, பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறி வரவைக்கும் தொடுமுனை) இல்லாத எலக்ட்ரானிக் வகைக்குப் போவதா? பழையதைச் சீர்செய்யுங்கள். யார் சொன்னாலும் வேக்குவத்தை மட்டும் கழற்ற விடாதீர்கள்.

மயிலாடுதுறைக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் வண்டி பெரும்பாலும் கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் என்று ஓடப்போகிறது. இங்கே மலையும் இல்லை, கணவாயும் இல்லை. ஆற்றுப் பாலம் வந்தால்தான் ஏற்றம். மிதியைக் கால்வாசி அழுத்தினாலே வண்டி 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வேக்குவம் அட்வான்ஸ் வேலை செய்வது சரியாக அந்த நிலையில்தான். மிதி குறைவாக இருக்கும்போது சிலிண்டருக்குள் போகும் கலவையும் குறைவு, அது எரியும் வேகமும் குறைவு. அதனால் தீப்பொறி இன்னும் முன்னதாக வர வேண்டும். மிதியை முழுக்க அழுத்தினால் வெற்றிடம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும், அந்தக் கருவியும் ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே அதைக் கழற்றினால் முழு மிதியில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. கால் மிதியில் பெட்ரோல் வீணாவதும் எஞ்சின் சூடேறுவதும்தான் கண்ட பலன்.

எங்கள் வீட்டு அம்பாசடருக்கு நடந்தது இதுதான். அப்பா வாங்கிய வண்டி. எஞ்சின் வேலைக்காகப் பெருநகரப் பட்டறை ஒன்றில் விட்டிருந்தேன். திரும்பி வந்தபோது லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு பந்தய வகை இருந்தது. கார்புரேட்டரின் வேக்குவம் துளையை ஒரு திருகு போட்டு அடைத்திருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழையதை வாங்குவதற்கே இரண்டு முறை சண்டை போட வேண்டியிருந்தது. “பவர் வேண்டுமென்றால் வேக்குவம் கூடாது சார்” என்றார் அங்கிருந்தவர். கும்பகோணம் வருவதற்குள் சூடு காட்டும் முள் வழக்கத்தைவிட மேலே ஏறி நின்றது. மிதியை முழுக்க அழுத்தினால் பாய்கிற வண்டி, சாதாரண ஓட்டத்தில் மந்தமாக இருந்தது.

பந்தயம் ஓட்டுகிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். சோழவரம் ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் ஓட்டியவர்களுக்கும், இன்று இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டுகிறவர்களுக்கும் அந்த வகைதான் பொருத்தம். அவர்கள் மிதி எப்போதும் தரையோடு இருக்கும். வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கடுமையான கேம் ஷாஃப்ட் போட்ட எஞ்சினில் வெற்றிடம் நிலையாகவும் இருக்காது. ஆனால் 1955இல் வந்த எம்.ஜி.ஏ. 1500 ஸ்போர்ட்ஸ் காரைப் பாருங்கள். அம்பாசடரில் இருக்கும் அதே பி வரிசை 1489 சி.சி. எஞ்சின், அதே இரட்டை எஸ்.யூ. அதன் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் இருந்தது. சாலைக்கு என்று செய்த ஸ்போர்ட்ஸ் காருக்கே வேண்டியிருந்தது நமக்கு எப்படி வேண்டாததாகும்?

எங்கள் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் கும்பகோணத்தில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். முதலில் ஷாஃப்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். அங்கே ஆட்டம் இருந்தால் பாயிண்ட் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு டைமிங் ஆகிவிடும். அடுத்து வேக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துக்கொண்டார். பாயிண்ட் தட்டு நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நின்றது. உள்ளே இருக்கும் சவ்வு கிழியவில்லை என்று அதற்குப் பொருள். பிறகு தட்டைக் கழற்றி, வேகம் ஏற ஏற விரிந்து தீப்பொறியை முன்னேற்றும் இரண்டு எடைகளையும், அவற்றைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளையும் காட்டினார். ஒன்று மெல்லியது, இறுக்கமாக இருந்தது. மற்றது தடித்தது, தொளதொளவென்று தொங்கியது. மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். “இது தளர்ந்துபோன ஸ்பிரிங் இல்லை, தம்பி. தளர்வாகவே செய்தது. வேகம் ஏறிய பிறகுதான் இது பிடிக்கும்” என்றார். இதைத் தெரியாமல் கொக்கியை வளைத்து இறுக்கி வைத்த டிஸ்ட்ரிபியூட்டர்கள் எத்தனையோ தம்மிடம் வந்திருப்பதாகச் சொன்னார். தேய்ந்த புஷ்ஷை மாற்றிக் கொடுத்தார். வண்டி பழையபடி குளிர்ந்து ஓடியது.

உங்கள் வேலையும் அங்கேதான் தொடங்குகிறது. எடைகளுக்கு மேலே இருக்கும் கேம் அடித்தட்டில் ஓர் எண் பொறித்திருக்கும். 10 என்று இருந்தால் எடைகள் தீப்பொறியை டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் அதிகபட்சம் 10 டிகிரி முன்னேற்றும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுற்றுவதால் எஞ்சின் கணக்கில் அது 20. தொடக்கத்தில் 10 டிகிரி வைத்தால் மொத்தம் 30. இந்த எஞ்சினுக்கு வேக்குவம் சேர்க்காமல் 30 முதல் 34 வரை போதும். கம்ப்ரஷனைக் கூட்டியிருக்கிறீர்கள், ஆகவே குறைந்த பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, தீப்பொறி வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் விளக்கை வைத்து, அட்வான்ஸ் இனி நகரவில்லை என்கிற வேகம் வரை ஏற்றிப் பாருங்கள். பிறகு நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதியை முழுக்க அழுத்துங்கள். தட்டும் சத்தம் கேட்டால் 2 டிகிரி குறையுங்கள்.

எலக்ட்ரானிக் வகையை நான் எதிர்க்கவில்லை. பாயிண்ட் தேயும், அது தேயாது. ஆனால் அது கெட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். பாயிண்ட் என்றால் உப்புத்தாளால் தேய்த்து, 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இடைவெளி வைத்து வீடு வந்துவிடலாம். போடத்தான் வேண்டுமென்றால் பேட்டரியின் எந்த முனை பாடியில் கட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் கருகிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும், அதனுள் சுற்றி மின்சாரத்தைப் பிரித்துத் தரும் ரோட்டாரிலும் காசு பார்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்ச் சாலைகளில் தண்ணீர் எஞ்சின் வரை தெறிக்கும். ஈரம் பட்ட மூடியில் மெல்லிய கரிக்கோடு விழுந்துவிட்டால் துடைத்துப் பயனில்லை. உள்ளே பித்தளை முனை இருக்கும் மூடியாக வாங்குங்கள். ரோட்டாரில் தகட்டை ஆணி அடித்துப் பொருத்தியிருந்தால் வேண்டாம், அந்த ஆணி வழியாகவே மின்சாரம் ஷாஃப்டுக்குத் தாவிவிடும்.

கேள்விக்குத் தொடர்பில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய் இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு தாண்டியதற்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். மாதத்தில் சில நாள் மட்டும் ஓடும், ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கும், புகை கக்கிக்கொண்டு தினம் ஓடும் வண்டிக்கும் ஒரே கட்டணம். இப்படி இருந்தால் நல்ல எஞ்சின்களும் இரும்பு விலைக்குத்தான் போகும். நல்ல நிலையில் பழைய லூகாஸ் கிடைக்காமல் நாம் அலைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதையும் வாங்குமுன் கையில் இருப்பதைப் பிரித்து, ஷாஃப்ட் ஆடுகிறதா, அடித்தட்டில் என்ன எண் என்று இங்கே எழுதுங்கள். நீங்கள் போட்ட இரட்டை எஸ்.யூ.வில் வேக்குவம் குழாய்க்குத் துளை இருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதலில் அதற்குத்தான் வழி பார்க்க வேண்டும்.