அழைப்பு வந்தால் 4ஜி போய் 'இ' வருகிறதா?

அழைப்பு வந்தால் நெட் நின்றுவிடுகிறது, தங்கச்சியின் ஜியோவில் அப்படி இல்லை, கடைக்காரர் 5ஜி சிம் போடச் சொல்கிறார், சிம்மை மாற்றவா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். மணி அடித்ததும் 4ஜி மறைந்து 'இ' வருகிறது, வாட்ஸ்அப் நின்றுவிடுகிறது என்றால், போனில் வோஎல்டிஇ (குரல் அழைப்பை 4ஜியிலேயே அனுப்பும் வசதி) அணைந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உசிலம்பட்டிக் கடைக்காரர் "5ஜி சிம் போட்டால் சரியாகிவிடும்" என்றாரே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எல்டிஇ, 4ஜி என்று போனுக்குப் போன் வேறு பெயர் காட்டும். நம் அளவில் இரண்டும் ஒன்றுதான். அது டேட்டாவுக்காக வந்தது, பழைய முறைக் குரல் அழைப்பு அதில் போகாது. அதனால் பேசுவதற்காக போன் பழைய 2ஜி அல்லது 3ஜிக்கு இறங்கும். 'இ' என்பது எட்ஜ், அதாவது 2ஜி. 'ஹெச்+' என்றால் 3ஜி. வோஎல்டிஇ இருந்தால் குரலும் டேட்டாவாக 4ஜியிலேயே போய்விடும். உங்கள் தங்கச்சியின் ஜியோவில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், அவர்களுக்கு இறங்குவதற்கு 2ஜி, 3ஜி இரண்டுமே கிடையாது.

1. செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் 'வோஎல்டிஇ' அல்லது '4ஜி காலிங்' என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.
2. வீட்டில் யாருக்காவது அழைத்து, பேசும்போதே மேலே பாருங்கள். 4ஜி அப்படியே நின்றால் வேலை முடிந்தது.

ஒன்று மட்டும்: டேட்டா ஒரு சிம்மிலும் அழைப்பு இன்னொன்றிலும் என்றால், வோஎல்டிஇ இருந்தாலும் பல போன்களில் நெட் நிற்கும். அப்புறம், ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது சோதிக்காதீர்கள், 4ஜி சிக்னலே இல்லாத இடத்தில் எந்த செட்டிங்கும் உதவாது.