நாத்தனார் செய்த ஆறாயிரம்

கேள்வி: எனக்கு வயது 36. தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். கணவர் ஒரு டிராக்டர் விற்பனைக் கடையில் வேலை பார்க்கிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து 46,000 ரூபாய். 20ஆம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் நிற்பதில்லை. நகைகள் மூன்று இடங்களில் அடகில் இருக்கின்றன; ஒன்றரை லட்சமோ இரண்டு லட்சமோ வரும். கணவருக்குத் தெரியாமல் ஒரு கிரெடிட் கார்டும் வைத்திருக்கிறேன். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிடுகிறேன். வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தால் படிக்காமலே அழித்துவிடுகிறேன். பணத்தைப் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் தோழி சொல்கிறாள். தினமும் காலையில் ‘பணம் என்னைத் தேடி வருகிறது’ என்று 21 முறை எழுதச் சொல்கிறாள். எழுதலாமா? இன்னொரு கேள்வி. அடுத்த மாதம் நாத்தனார் வீட்டில் மொய் விருந்து. 2019இல் எங்கள் விருந்துக்கு அவர்கள் 6,000 செய்தார்கள். நாங்கள் 15,000 செய்தால்தான் மரியாதை என்கிறார் கணவர். கார்டில் பணம் எடுத்துச் செய்துவிடலாமா?
(பெயர் வேண்டாம், பேராவூரணி வட்டம்)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நாத்தனார் உங்களுக்குச் செய்த மொய் ஆறாயிரம் என்றும், அது 2019இல் என்றும் துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கழுத்திலும் கையிலும் இருந்த நகைக்கு என்ன கடன் என்று வரும்போது மட்டும் ‘ஒன்றரை லட்சமோ இரண்டு லட்சமோ’ என்கிறீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் 50,000 ரூபாய் கிடக்கிறது. நீங்கள் இருவரும் ஒரு மாதம் முழுக்க உழைத்துக் கொண்டுவரும் சம்பளத்தைவிட அது அதிகம்.

ஆகவே, ‘எனக்குப் பண விஷயம் வராது’ என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அதை நான் ஏற்கமாட்டேன். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து மனிதர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர யாரும் வேண்டியதில்லை. ஆடியிலும் ஆவணியிலும் பந்தல் போட்டுக் கறிவிருந்து நடக்கும். வாசலில் பேர் கூப்பிட்டு மொய் எழுதுவார்கள். ஊர், தகப்பனார் பெயர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். அந்த நோட்டு பீரோவில் பத்திரத்தோடு பத்திரமாக இருக்கும். தாத்தா காலத்தில் 51 ரூபாய் செய்தவரின் பேரனுக்குத் திருப்பிச் செய்யும் அளவுக்கு நேர்மையான கணக்கு அது. வட்டி கேட்காத கடன் அது. அதை வைத்துக் கிணறு வெட்டியவர்கள் உண்டு, பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன்.

ஊர் பார்க்கிற கணக்கை இவ்வளவு கருத்தாக எழுதும் அதே வீட்டில், ஊர் பார்க்காத கணக்குக்கு நோட்டே இல்லை. உங்கள் சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். எஸ்.எம்.எஸ். வந்தாலே உங்களுக்கு வரும் படபடப்புக்கு மன பலவீனம் காரணம் இல்லை. எவ்வளவு என்று தெரியாத கடன் எவருக்கும் அப்படித்தான் நெஞ்சை அடைக்கும்.

தோழி சொன்னதுபோல் எழுதலாமா என்று கேட்டீர்கள். அவர் உங்கள் மேல் உள்ள அன்பில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பணம் உங்களைத் தேடி வரவில்லை என்பது இல்லையே! மாதம் 46,000 வருகிறது. எங்கே போகிறது என்பதைத்தான் எழுத வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று அடகுச் சீட்டுகளையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் எடை எத்தனை கிராம், வைத்த தேதி, வாங்கிய தொகை, வட்டி விகிதம், மீட்க வேண்டிய கடைசித் தேதி இருக்கும். அப்படியே ஒரு நோட்டில் ஏற்றுங்கள். சீட்டு தொலைந்திருந்தால் கடைக்கே போய்க் கேளுங்கள். உங்கள் பெயரில் வங்கியிலும் நிதி நிறுவனங்களிலும் என்னென்ன கடன் இருக்கிறது என்பதைச் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. தெரு முனை அடகுக் கடை மட்டும் அதில் வராது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எனக்கு இருபத்து நான்கு வயதில், வேலைக்கு முன்பணம் கட்டுவதற்காக அம்மாவின் தோட்டை வாங்கி அடகு வைத்தேன். எட்டு கிராம். ஒரு வருடத்தில் மீட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். வருடம் முடிந்ததும் தபால் வந்தது. பிரிக்கப் பயந்து பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்தேன். இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. அவற்றையும் அங்கேயே வைத்தேன். நகை ஏலம் போய் இரண்டு மாதம் கழித்துத்தான் முதல் தபாலைப் பிரித்தேன். வட்டி 412 ரூபாயைக் கட்டிச் சீட்டை மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. அந்த நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் அன்று என் சட்டைப்பையிலேயே இருந்தது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. காது தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு அடுத்த மூன்று வருடம் நடமாடினார். நீங்கள் எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் அழிக்கிறேன் என்று எழுதிய வரியில் எனக்கு அந்த வேப்பங்குச்சிதான் தெரிந்தது. ஆகவே இனி ஒன்றைக்கூட அழிக்காதீர்கள். ஏலத்துக்கு முன் தகவல் தர வேண்டியது கடன் கொடுத்தவரின் கடமை. தகவலைப் படிக்க வேண்டியது நம் கடமை. ஒருவேளை வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வைத்த நகை ஏலம் போய்விட்டால், கடன் போக மிச்சப் பணம் உங்களுக்கு வர வேண்டும். அதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்களை நான் அறிவேன்.

கார்டுக்கு வருகிறேன். எவ்வளவு பாக்கி என்று நீங்கள் எழுதவில்லை. 40,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்றால் 1,400 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 252 ரூபாய். நீங்கள் 2,000 ரூபாய் கட்டினால் 1,652 ரூபாய் அங்கேயே கரைந்துவிடுகிறது. கடனில் குறைவது 348 ரூபாய்தான். முழுத் தொகையைக் கட்டாத வரைக்கும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். நம் ஊர் வழக்கில் சொன்னால் இது மூன்றரை வட்டி. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் சட்டமே கொண்டுவந்தோம். மூன்றரை வட்டி கேட்டு ஒருவர் வாசலில் வந்து நின்றால் தெருவே கூடி அவரைத் திட்டும். பிளாஸ்டிக் அட்டையில் வந்தால் சத்தமில்லாமல் கட்டுகிறோம்.

உங்கள் மூன்று அடகில் ஒன்றாவது அடகுக் கடையில் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே பெரும்பாலும் இரண்டு வட்டி. வங்கி நகைக்கடன் என்றால் முக்கால் வட்டியை ஒட்டி வரும். ஆக, அடைக்கும் வரிசை தானாகத் தெரிகிறது: முதலில் கார்டு, பிறகு அடகுக் கடை, கடைசியில் வங்கி. தனியார் கடையில் இருப்பதை மீட்டு வங்கிக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். மாற்றும்போது ஒன்றில் உறுதியாக இருங்கள். கிராம் விலை ஏறிவிட்டது, இதே நகைக்கு இன்னும் 30,000 தருகிறோம் என்பார்கள். வாங்காதீர்கள். நகை மீளாமலே போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அடுத்து நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. ஒரு நகையை விற்றுவிடுங்கள். தாலியைச் சொல்லவில்லை, அம்மா போட்டு அனுப்பியதைச் சொல்லவில்லை. பிற்பாடு நீங்களே வாங்கியது ஏதாவது இருக்கும். அதை மீட்டு விற்றுக் கார்டை முழுவதும் அடைத்துவிட்டு, கார்டை வங்கியிலேயே ரத்து செய்துவிடுங்கள். நகையை விற்பது குடும்பத்துக்குக் கேடு என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்காகவே, விலையில் பாதிக்கும் மேல் வட்டியாகக் கட்டித் தீர்த்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அடகில் கிடக்கும் நகையை நீங்கள் அணியவும் முடியாது, வட்டி மட்டும் மாதம் தவறாமல் கேட்கும்.

இதையெல்லாம் செய்யும் முன் கணவரிடம் கார்டைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார். படட்டும். அவருக்குத் தெரியாத செலவு உங்களிடம் இருப்பதுபோல், உங்களுக்குத் தெரியாத கைமாற்று அவரிடமும் இருக்கலாம். இருவரும் ஒரே நோட்டில் எழுதினால்தான் அந்த நோட்டுக்கு மதிப்பு.

மாதச் செலவைக் குறைப்பது பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. நீங்கள் டீச்செலவைக் குறைத்துக் கடனை அடைக்கப்போவதில்லை. ஆனால் பள்ளிக்கூடம் ஒவ்வொரு ஜூனிலும் திறக்கிறது, தீபாவளி ஒவ்வொரு ஆண்டும் வருகிறது, ஆடியில் மொய் வருகிறது. எல்லாம் முன்கூட்டியே தெரிந்த செலவுகள். இருந்தும் நம் வீடுகளில் அவை எப்போதும் திடீர்ச் செலவாகவே நுழைந்து நகையைத் தூக்கிக்கொண்டு போகின்றன. அவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வையுங்கள். அதுபோக அஞ்சலகத்தில் ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்குங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்தே கட்டலாம். நீங்கள் 500 கட்டுங்கள். கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று கேட்பார்கள். கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் கையில் ஐயாயிரம்கூட இல்லாத வீடு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுபடியும் அடகுக் கடைக்குத்தான் போகும்.

கடைசியாக மொய். கார்டில் ரொக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்து வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம். நாத்தனாருக்கு 6,000 செய்யுங்கள். அவர்களுக்கு நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அதோடு நேராகிவிடுகிறது. அதற்கு மேல் செய்யும் 9,000 நீங்கள் அவர்களுக்குப் புதிதாகக் கொடுக்கும் கடன் என்பது உங்கள் ஊர்க்காரரான கணவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மூன்றரை வட்டிக்கு வாங்கி வட்டியில்லாமல் கொடுக்கும் நிலையிலா இருக்கிறீர்கள்? விருந்துக்கு ஒரு வாரம் முன்பே நாத்தனார் வீட்டுக்குப் போய், ‘அண்ணி, இந்த முறை இவ்வளவுதான் முடியும்’ என்று நேரில் சொல்லிவிடுங்கள். விருந்தன்று விடியற்காலையில் போய் வெங்காயம் உரிக்க உட்காருங்கள்.