வீட்டில் கண்டோனீஸ், வகுப்பில் மாண்டரின்: மகளை எந்த நிலையில் சேர்ப்பது?

ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்றை நேராகவே கேட்டுவிட்டீர்கள்: பல்கலைக்கழகத்தில் மாண்டரின் முதல் நிலைக்குப் பதிந்திருக்கும் மகளை, "அம்மா சீனர்தானே" என்று இரண்டாம் நிலைக்கு மாற்றலாமா? இன்னொன்றைச் சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள்: இத்தனை வயதுக்கு மேல் இதைப் படித்து வேலைக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

முதல் கேள்விக்குப் பதில், வேண்டாம். உங்கள் துணைவியார் மலேசியாவின் ஈப்போக்காரர். மகள் படித்தது மலாய் வழித் தேசியப் பள்ளி. அவள் காதில் விழுந்து வளர்ந்தது கண்டோனீஸ். மாண்டரினைக் கொஞ்சம் வேறு மாதிரி உச்சரித்தால் கண்டோனீஸ் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சாப்பிட்டாயா என்று கேட்க போபோ, அதாவது அவளுடைய அம்மா வழிப் பாட்டி, "சிக் ஜோ ஃபான் மெய் ஆ?" என்பார். மாண்டரின் ஆசிரியர் "ச்சி ஃபான் ல மா?" என்பார். சோறு மட்டும்தான் இரண்டுக்கும் பொது. அவன் என்பதற்கு அங்கே 'கொய்', இங்கே 'தா'. குடி என்பதற்கு அங்கே 'யாம்', இங்கே 'ஹ'. தமிழ் வீட்டுப் பிள்ளை தெலுங்கு வகுப்பில் போய் உட்காருவது மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். பாதி புரிவது போலிருக்கும், வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் அவள் போகவில்லை. கண்டோனீஸில் ஆறு தொனிகள். மாண்டரினில் நான்கு, அழுத்தமில்லாத இன்னொன்றையும் சேர்த்தால் ஐந்து. 'மா' என்ற ஒரே ஒலி தொனிக்கேற்ப அம்மாவாகும், சணலாகும், குதிரையாகும், திட்டுவதாகும். இதைக் கேட்டு மற்ற மாணவர்கள் முதல் மாதம் முழுக்க விழிப்பார்கள். தொனி மாறினால் சொல்லே மாறிவிடும் என்பது உங்கள் மகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்புறம், இரண்டு மொழிக்கும் நடுவே ஒலிகள் ஓரளவு ஒழுங்காகத்தான் மாறுகின்றன. வீடு 'கா', கோழி 'கை', ஒன்பது 'காவ்' என்பவை மாண்டரினில் 'ஜ்யா', 'ஜி', 'ஜ்யோ' ஆகின்றன. க இருந்த இடத்தில் ஜ. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. ஆனாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இப்படி ஜோடி ஜோடியாக எழுதி வரச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்திலிருந்தும் அவளுக்குக் கொஞ்சம் சொத்து உண்டு, ஐயா. மாண்டரினில் மனிதன் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் 'ஆர்' போட்டு எழுதுவார்கள். அதை 'ரென்' என்று வாசிப்பவர்களே அதிகம். நம் ழகரத்துக்கு நாக்கை மடிப்பது போல மடித்து 'ழன்' என்று சொன்னால் அசலுக்கு மிக அருகில் வந்துவிடும். அதே போல எட்டு என்பதை 'பி' (b) போட்டு எழுதுவார்கள், ஆனால் ஒலி நம் 'பல்'லில் வரும் ப. அச்சம் என்ற சொல்லுக்குத்தான் அதே 'பா'வில் காற்று வெடித்து வர வேண்டும். வாய்க்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துச் சொல்லிப் பார்க்கட்டும். எட்டுக்குக் காகிதம் அசையக்கூடாது, அச்சத்துக்கு ஆட வேண்டும்.

அவளிடம் துளியும் இல்லாதது எழுத்து. முதல் நிலையில் சேரச் சொல்வதும் அதற்காகத்தான். வீட்டுப் பேச்சை நம்பி மேல் வகுப்புக்குப் போகிறவர்கள் முதல் மாதம் ஆசிரியரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், முதல் எழுத்துத் தேர்வில் தோற்றுவிடுவார்கள். எழுத்தின் கோடுகளை இழுக்கும் வரிசை, உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் காட்டும் பின்யின், எளிமையாக்கிய சீன வரிவடிவம் எல்லாம் தொடங்குவது கீழ் நிலையில்தான். முதல் நாளே ஆசிரியரிடம், "வீட்டில் கண்டோனீஸ் பேசுவோம், எழுதப் படிக்கத் தெரியாது" என்று அவளே சொல்லிவிடட்டும். சில இடங்களில் முதல் நிலை, சீனம் அறியாதவர்களுக்கு மட்டும் என்று விதி இருக்கும். மறைத்துச் சேர்ந்தால் பின்னால் தலைவலி.

சக மாணவர்கள் "உனக்கே தெரியாதா?" என்று கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்கத்தான் செய்வார்கள். கண்டோனீஸிலேயே உங்கள் மகளைப் போல வெளியே வளர்ந்த பிள்ளைகளுக்கு 'ஜுக் சிங்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு: மூங்கில் தடி. கணு அடைத்துக்கொண்டிருப்பதால் தண்ணீர் இந்தப் பக்கமும் வராது, அந்தப் பக்கமும் போகாது. அதற்கே ஒரு பெயர் வைக்கும் அளவுக்கு இவளைப் போன்ற பிள்ளைகள் ஊர் ஊராக இருக்கிறார்கள். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் இவர்களுக்கென்றே தனி வகுப்பு வைத்திருக்கின்றன.

சரி, வேலை. மகள் கணக்கியல் படிக்கிறாள். தணிக்கை அலுவலகங்களுக்கு வரும் சிறு வியாபாரிகளில் சீனர்கள் நிறைய. அதனால்தான் விளம்பரங்களில் 'மாண்டரின் தெரிந்தால் நலம்' என்று போடுகிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது வாடிக்கையாளரோடு பேசுவதை, வரும் செய்தியைப் படித்துப் பதில் போடுவதை. ஒரு பருவம் என்பது வாரத்துக்கு மூன்று மணி நேரம், 14 வாரம், ஆக 42 மணி நேரம். அதில் இது வராது. என்னிடம் வந்த ஒரு மாணவர் இரண்டு பருவம் படித்துவிட்டு, சுயவிவரத்தில் 'மாண்டரின்: பேசவும் எழுதவும்' என்று போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போனார். எதிரே இருந்தவர் கைப்பேசியில் ஒரு சீனச் செய்தியைக் காட்டி, "இதில் என்ன கேட்டிருக்கிறார்கள்?" என்றார். அதோடு முடிந்தது. அந்த வரியைப் பார்த்துவிட்டு நானும் சும்மா இருந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

சீனமொழித் திறனை அளக்கும் எச்எஸ்கே தேர்வைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆறு நிலை கொண்ட முறையில் முதல் நிலைக்கு 150 சொல், இரண்டுக்கு 300, மூன்றுக்கு 600, நான்குக்கு 1,200. முதல் இரண்டில் எழுத்தோடு பின்யினும் அச்சிட்டிருப்பார்கள். மூன்றிலிருந்து அந்த ஊன்றுகோல் கிடையாது. என் கணக்கில் சுயவிவரத்தில் இடம் தரத் தகுந்தது நான்காம் நிலை. அதுவரை 'கண்டோனீஸ்: பேச்சு, மாண்டரின்: தொடக்க நிலை' என்று உள்ளதை உள்ளபடி எழுதட்டும். கண்டோனீஸைப் பலர் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் அதுவும் சோறு போடும் மொழிதான். 2021-இல் சீனா ஒன்பது நிலை கொண்ட புதிய தர அளவை வெளியிட்டது, சொல் எண்ணிக்கையும் மாறிவிட்டது. பாடநூல் வாங்கும் முன் எந்த முறைக்கானது என்று பாருங்கள்.

கடைசியாக, தனியார் டியூஷனுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். முதல் பருவம் முடியட்டும். அதற்குள் வாரத்தில் ஒரு நாள் போபோவுக்குத் தொலைபேசியில் பேசி, அன்று படித்த பத்துச் சொல்லுக்குக் கண்டோனீஸில் என்ன என்று கேட்டு அந்த நோட்டில் எழுதினால் போதும். மதிப்பெண் சராசரியில் இந்தப் பாடம் சேருமா என்பதை மட்டும், பாடத்தை மாற்ற அனுமதிக்கும் வாரம் முடிவதற்குள் துறை அலுவலகத்தில் அவளையே விசாரிக்கச் சொல்லுங்கள்.