13 வயது மகனை மான் வேட்டைக்கு அனுப்பலாமா? மிசூரியில் வேட்டை பழகியவனின் பதில்

கேள்வி இது: "அமெரிக்காவில் சிறிய ஊர் ஒன்றில் வசிக்கிறோம். 13 வயது மகன், பள்ளி நண்பனின் குடும்பத்தோடு மான் வேட்டைக்குப் போக அனுமதி கேட்டு அடம்பிடிக்கிறான். வேட்டை பாவமில்லையா? அனுப்பலாமா?"

உங்கள் ஊரில் நவம்பர் நடுவில் மான் வேட்டை தொடங்கியதும் வகுப்பறை பாதி காலியாகிவிடும், திரும்பி வந்தவர்கள் கொம்பு எத்தனை கிளை என்று ஒரு வாரம் பேசித் தீர்ப்பார்கள், உங்கள் பிள்ளை மட்டும் வாய் பார்த்துக்கொண்டு இருப்பான் என்று ஊகிக்கிறேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி உண்டு என்றும் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் சைவம் என்றால் பாவ புண்ணியக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் நெறிக்கு வணக்கம். எலும்பைக் கடித்துக்கொண்டே மானுக்காக உருகுகிறவர்களுக்குத்தான் இந்தப் பதில் கொஞ்சம் உறைக்கும்.

யாராவது பாய்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுடுவது குற்றம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். நான் பேசுவது அமெரிக்காவில், உரிமம் வாங்கி, பருவத்தில், வரையறைக்குள் நடக்கும் வேட்டையைப் பற்றி. துப்பாக்கிச் சட்ட விவாதத்துக்கும் நான் வரவில்லை. எனக்குச் சொந்தமாகத் துப்பாக்கி இருந்ததும் இல்லை.

நான் திண்டுக்கல்லில் ஏழாம் வகுப்பு முடித்துவிட்டு, 2012-இல் பெற்றோருடன் வடக்கு மிசூரியில் உள்ள கர்க்ஸ்வில்லுக்கு வந்தவன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற விவசாயி ஒருவர் இருந்தார். நான் அவரைத் தாத்தா என்றே மனத்துக்குள் கூப்பிடுவேன். அவருடைய சோளக்காட்டை ஒட்டி ஓடையும் கருவாலி (ஓக்) மரங்களும் உண்டு. பேரப்பிள்ளைகள் வெளியூரில் இருந்ததால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவின் முதல் கேள்வியும் உங்களுடையதுதான். திண்டுக்கல்லிலிருந்து மாமா போனிலேயே தீர்ப்பு வழங்கிவிட்டார்: "படிக்கப் போன பிள்ளையை வேடனாக்கிவிட்டீர்களே." குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டி, தலைக்கறி யாருக்கு என்று பங்காளிகளோடு மல்லுக்கு நிற்கிற மாமா இவர். கண்ணப்ப நாயனார் யாராம் என்று கேட்டேன். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

அப்பா மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "நானும் வருகிறேன்" என்றார். மிசூரியில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை 11 வயதிலிருந்து எடுக்கலாம். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் பயிற்சி இல்லாமலும் தகுதி பெற்ற பெரியவர் ஒருவரின் பக்கத்திலேயே இருந்து வேட்டையாடலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. அப்பா அந்தச் சலுகையை ஏற்கவில்லை. என்னை உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்து படித்தார். துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், விசையில் எப்போது விரல் வைக்கலாம், வேலியைத் தாண்டும் முன் தோட்டாவை ஏன் வெளியே எடுக்க வேண்டும், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஏன் பார்க்க வேண்டும் என்றெல்லாம் வகுப்பில் அதிகம் கேட்டவர் அவர்தான். தேர்வில் என்னைவிடக் கூடுதல் மதிப்பெண்ணும் அவருக்குத்தான். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

அடுத்த தடங்கல் தேங்காய் எண்ணெய். மானுக்கு மோப்ப சக்தி அபாரம். தாத்தா என் தலைக்கு அருகில் குனிந்து முகர்ந்துவிட்டு, ஒரு மைல் தூரத்து மானுக்கும் நான் வந்திருப்பது தெரிந்துவிடும் என்றார். வாசனையில்லாத சோப்புக் கட்டி ஒன்றைக் கொடுத்தார். வேட்டைச் சட்டையை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, தாளிக்கிற வாசம் ஏறிவிடும் என்று அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் உலர்ந்த இலைகளோடு போட்டுக் காரேஜில் வைக்கச் சொன்னார். அம்மாவுக்கு அது பெரிய அவமானம். "என் சமையல் வாசம் அந்த மானுக்குப் பிடிக்காதாமா?" என்று நெடுநாள் பொருமிக்கொண்டிருந்தார்.

வான்கோழிக்கு மோப்பம் பெரிதாகக் கிடையாது. கண்தான் எல்லாம். 2014 ஏப்ரலில், சிறுவர்களுக்கென்று ஒதுக்கிய வார இறுதியில், விடிவதற்கு வெகுமுன்பே ஓடைக்கரையில் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தோம். உடம்பு முழுக்க இலைநிற உடை, முகத்துக்கு வலை. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எதுவும் வெளியே தெரியக் கூடாது என்பதில் தாத்தா கறாராக இருந்தார். வான்கோழிச் சேவலின் தலை இந்த மூன்று நிறங்களில்தான் இருக்கும்; வேறொரு வேட்டைக்காரர் உங்கள் சட்டைக் காலரைச் சேவலின் தலை என்று நினைத்துவிட்டால் என்ன ஆகும்?

இருட்டிலேயே தாத்தா ஆந்தை போலக் குரல் கொடுத்தார். மேட்டு மரத்திலிருந்து உடனே "கொளகொளகொள" என்று ஒரு சேவல் பதிலுக்குக் கத்தியது. திடீர்ச் சத்தம் எதைக் கேட்டாலும் வசந்த காலத்தில் சேவல் அப்படிக் கத்திவிடும். அது எந்த மரத்தில் அடைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் தந்திரம் இது. வெளிச்சம் வந்ததும் சுண்ணக்கட்டி தடவிய மரப்பெட்டியின் மூடியைத் தேய்த்துப் பெட்டைக் கோழியின் குரலை எழுப்பினார். இறக்கை படபடக்க அது தரையில் இறங்கியது எங்களுக்குக் கேட்டது. பிறகு வயலின் விளிம்பில் வந்து நின்றது.

மயிலைப் பார்த்துத் தானும் ஆட நினைத்த பறவை என்று பள்ளியில் வான்கோழியைக் கேலி செய்தே படித்தோம். அந்தக் காலைச் சூரியன் பின்னாலிருந்து அடிக்க, வால் விசிறியை விரித்து, சிறகுகளைத் தரையில் உரசிக்கொண்டு அது திரும்பியபோது, கரிய இறகு என்று நான் நினைத்ததில் செம்பும் பச்சையும் ஓடின. தலை உச்சி வெண்மை, கன்னம் நீலம், கழுத்துத் தொங்கல் சிவப்பு. நெஞ்சுக்குள் அது எழுப்பும் ஒரு தாழ்ந்த முழக்கம் உண்டு. காதில் கேட்பதற்கு முன் விலாவில் அதிரும். இதைப் பார்த்தபின் யாராவது கேலி செய்வார்களா?

என்னிடம் இருந்தது சிறுவர்களுக்கான 20 கேஜ் ஷாட்கன். முப்பது, நாற்பது கஜத்துக்குள் வந்தால்தான் சுட வேண்டும். அதுவும் தலைக்கும் கழுத்துக்கும்தான் குறி. அது தூரத்திலேயே நின்று ஆடியது. பெட்டைதான் தன்னிடம் வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நாங்கள் கேட்டது தலைகீழாக. அதற்குள் இடப்புறப் புதரிலிருந்து நிஜப் பெட்டை ஒன்று வந்து அதன் முன்னால் சாவகாசமாக நடந்தது. சேவல் அதன் பின்னால் போய்விட்டது. உண்மையான பெண் வந்து கூப்பிட்டால் மரப்பெட்டிக்கு என்ன மதிப்பு என்று தாத்தா குலுங்கிச் சிரித்தார். அடுத்த ஆண்டு ஒன்றைச் சுட்டேன். வந்தது, விழுந்தது, சொல்ல அதிகமில்லை. நெஞ்சுக்கறி நன்றாக இருந்தது. கால்கறி நார் நாராக, எவ்வளவு வேகவைத்தாலும் கடிபடவில்லை. பிரியாணி போட நினைக்காதீர்கள்.

மான் கதைக்கு வருகிறேன். அதே 2014-இன் இலையுதிர் காலம், அதுவும் சிறுவர்களுக்கென்று ஒதுக்கிய வேட்டை நாள்தான். மேலே எல்லோருக்கும் பளீரென்ற ஆரஞ்சுத் தொப்பியும் மேல்சட்டையும் கட்டாயம். மானின் கண்ணுக்கு அந்த நிறம் உறுத்தாது, மனிதக் கண்ணுக்கு உறுத்தும். வயல் ஓரத்தில் பலகையால் அடித்த சிறு கூண்டுக்குள் தாத்தா, நான், எங்கள் பின்னால் அப்பா. அப்பாவிடம் துப்பாக்கி இல்லை, பிளாஸ்க் இருந்தது. திறக்க விடவில்லை.

மாலை வெயில் சாயும்போது இரண்டு பெண் மான்கள் வெளியே வந்தன. முன்னது அடிக்கடி தலையைத் தாழ்த்துவது போலப் பாவனை செய்து, சட்டென்று நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தது. ஒளிந்திருப்பவன் அசைகிறானா என்று அது வைக்கும் சோதனை அது. பின்னது பக்கவாட்டில் திரும்பும்வரை தாத்தா என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தார். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வைத்து அழுத்தினேன். அது துள்ளி, வாலைக் கீழே இறக்கிக்கொண்டு ஓடி, சீடர் (cedar) மரங்களுக்குள் மறைந்தது. அடிபடாத மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

கை நடுங்கியது சுட்ட பிறகுதான். உடனே பின்னால் ஓடக் கூடாது. விரட்டினால் காயத்தோடு அது இன்னும் தூரம் ஓடும். அரைமணி நேரம் காத்திருக்கச் சொன்னார். அப்போதுதான் பிளாஸ்கைத் திறக்க அனுமதி கிடைத்தது. பிறகு போய்ப் பார்த்தால் கருவாலி இலையில் ரத்தம், அதில் இளஞ்சிவப்பு நுரை. நுரை இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, அருகிலேயே இருக்கும் என்றார். இருந்தது. கண் திறந்திருந்தது, புல் தண்டால் விழியைத் தொட்டு இறந்துவிட்டதா என்று உறுதி செய்த பிறகே அருகில் போகவிட்டார்.

வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்தது நான்தான், அவர் சொல்லச் சொல்ல. குளிரில் ஆவி பறந்தது. சிறுநீர்ப்பையில் கத்தி பட்டால் கறி கெட்டுவிடும் என்று விரல் இரண்டை விட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்தபடி அறுக்க வேண்டும். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் டார்ச் பிடித்துக்கொண்டு, ஊரில் தன் அப்பா கிடாவை உரிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அன்றிரவு பத்து மணிக்குள் அரசுத் துறைக்குப் போன் செய்து பதிவு செய்தோம்.

"பெண் மானையா சுட்டாய்?" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம். மான் எவ்வளவு பெருகும் என்பதைத் தீர்மானிப்பது பெண் மான்களின் எண்ணிக்கைதான், கொம்பு இல்லை. 1925 வாக்கில் மிசூரி முழுவதும் 400-க்கும் குறைவான மான்களே மிஞ்சியிருந்தன. வேட்டையை மூடிவைத்து, வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து விட்டு, 1944-இல்தான் மீண்டும் திறந்தார்கள். இன்று பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஓநாயைத்தான் எப்போதோ ஒழித்தாயிற்றே, வேறு யார் குறைப்பது? கார்தான். வான்கோழியும் 1950-களின் தொடக்கத்தில் 2,500-க்குக் கீழே போய், வலை வீசிப் பிடித்து ஊர் ஊராக விட்ட பிறகு பெருகியது. 1960-இல்தான் வேட்டை தொடங்கியது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் மத்திய வரி, 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வனவிலங்குப் பணிக்கே போகிறது. அதனால் வேட்டைக்காரன் எல்லாம் புனிதன் என்று சொல்லவில்லை. கொம்புக்காக மட்டும் சுட்டு, கறியை விட்டுவிட்டுப் போகிற ஆளையும் பார்த்திருக்கிறேன். அவன் வீட்டில் கைநனைக்க மாட்டேன்.

கறியை அம்மா எடுத்துக்கொண்டார். மான் கறியில் கொழுப்பே இல்லை, இருக்கிற கொழுப்பும் நாக்கில் மெழுகாக ஒட்டும். அதையும் வெள்ளைச் சவ்வையும் நீக்கிவிட வேண்டும். சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, மிளகு தூக்கலாகச் சுக்கா செய்தார். மீதியை உப்புக்கண்டம் போட்டார். தாத்தா தன் ஜெர்க்கியை (அவர்கள் ஊர் உப்புக்கண்டம்) ஓரமாக வைத்துவிட்டு அதைத் தின்றார். தேங்காய் எண்ணெய்க் கணக்கு அத்தோடு தீர்ந்தது.

அந்தப் பொங்கலுக்கு, ஒன்றரை மணிநேரம் காரில் போய்த் தமிழர்கள் கூடும் விருந்தில் "மான் கறி" என்று சீட்டு ஒட்டி வைத்தோம். "பச்சைப் பிள்ளையின் கையில் ரத்தமா?" என்று என்னைப் பிடித்துப் பிரசங்கம் செய்த ஒரு பெரியவர், இரண்டாம் முறை தட்டை நிரப்பிக்கொண்டார். போகும்போது மிச்சத்தை வீட்டுக்கும் கேட்டார். அம்மா, பாவம், அம்மாச்சி சீதனமாகக் கொடுத்த எவர்சில்வர் தூக்கோடு கொடுத்துவிட்டார். அந்தத் தூக்கு இன்னும் வரவில்லை. பாத்திரத்தைத் திருப்பித் தராதவர்களைப் பற்றி இந்தத் தளத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. அடியில் அம்மாச்சியின் பெயர் பொறித்திருக்கும்; இதைப் படிப்பவர்கள் தங்கள் அடுக்களையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் மகன். அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். துப்பாக்கிகளைப் பூட்டி வைத்திருக்கிறார்களா, தோட்டா தனியே இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நல்ல வேட்டைக்காரர் அந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். காட்டில் பீர் குடிப்பவர் என்றால் அனுப்பாதீர்கள். நீங்கள் எச்1பி, எச்4 விசாவில் இருந்தால் ஒன்று முக்கியம்: குடியேறாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். மாநிலம் முறைப்படி வழங்கிய வேட்டை உரிமம் கையில் இருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. நாங்களும் அப்படித்தான், உரிமத்தை முதலில் வாங்கினோம். சந்தேகமென்றால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். விசா விஷயத்தில் என் பேச்சை நம்பிப் போகாதீர்கள்.

மானுக்கு நாள்பட்ட மெலிவு நோய் என்று ஒன்று பரவுகிறது. எங்கள் பக்கத்து மேக்கன் கவுண்டியின் காட்டு மான்களில் அது இருப்பதை 2012-இல் அறிவித்தார்கள். சமைத்தாலும் அழியாத நோய்க்காரணி அது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை என்றாலும், உங்கள் பகுதியில் இருந்தால் கழுத்து நிணநீர்க்கணுவைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வையுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள், பிளாஸ்க் மூடியைத் திறக்காமல். சட்டைப் பையில் வெள்ளைக் கைக்குட்டை மட்டும் வேண்டாம். காட்டில் மூக்கைத் துடைக்க வெள்ளைத் துணியை எடுத்தால், தூரத்தில் இருப்பவனுக்கு அது மானின் வாலாகத் தெரியும்.